மிதந்து வந்தது

வழித்தேனா, வழிக்கவில்லையா. பகல் ஒன்றே முக்காலிலிருந்து தங்கபுஷ்பம் இந்த ஒரே கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறாள். பல்லிடுக்கில் சிக்கிய கீரை நாரைத் தேடி நாக்கு போவது போல, என்ன வேலை செய்தாலும் புத்தி அங்கேயே போய் நிற்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் மருந்துக்கடை மாடியில் இருக்கிற திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சதை சீவுகிறவள் அவள். ஆஸ்பத்திரிகளிலிருந்து டப்பாவில் வரும் துணுக்குகளை மெழுகில் புதைத்து பிளாக் ஆக்கி, கைச்சக்கரம் வைத்த மிஷினில் சீவினால் வெங்காயத் தோலைவிட மெல்லிசான நாடாவாக இறங்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுச் சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. அடுத்த ஆளின் பிளாக்கைத் தொடுவதற்கு முன்னால், பழைய செய்தித்தாளைக் கிழித்த கீற்று ஒன்றால் தண்ணீரின் மேலே ஒரு இழுப்பு இழுத்து வழித்துவிட வேண்டும். வழிக்காவிட்டால் முந்தின ஆளின் சதையில் ஒரு பொட்டு தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிற டாக்டருக்கு அது யார் வீட்டுச் சதை என்று எப்படித் தெரியும்? 'ஒரு பிளாக், ஒரு கீற்று' என்று வேலை பழக வந்த அத்தனை பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இன்று காலையில் மொத்தம் பத்து பிளாக். ஒன்பதாவது முக்கூடல்காரி ஒருத்தியின் பித்தப்பைப் புற்று. பத்தாவது ஜெபசிங்கின் ஈரல். ஜெபசிங் அவளுடைய புருஷன்.

சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அதற்கு மேல் பார்ப்பது அவள் வேலையில்லை, அது நாலு மணிக்கு வரும் டாக்டர் கோமதிநாயகம் சாருடைய வேலை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண் சும்மா இருக்குமா? ஈரலை அவள் நன்றாக அறிவாள். நடுவில் ஒரு சிறு ரத்தக்குழாய், அதிலிருந்து நாலாபக்கமும் வரிசை வரிசையாக விலகிப் போகும் செல்கள், வரிசைக்கு வரிசை ஒரு சந்து, சந்துக்குள் ரத்தம். ஓரத்துக்குப் போனால் மூன்று குழாய்கள் ஒரே இடத்தில் கூடி நிற்கும், அதில் ஒன்று பித்தம் போகும் வழி. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. செல்களுக்கு நடுவே மட்டும் பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். வெளியே போக வழியில்லாமல் உறைந்த பித்தம். ரெண்டு மாசமாக அவர் கண்ணில் பார்த்த மஞ்சளை இப்போது அது புறப்படும் இடத்திலேயே பார்க்கிறாள். அப்புறம் ஸ்லைடை ஒரு நூல் நகர்த்தினாள். ஈரல் முடிகிற விளிம்பை ஒட்டி, ஈரலுக்குச் சம்பந்தமே இல்லாத நாலைந்து சுரப்பிகள். கோணல் வட்டங்கள், கருத்துத் தடித்த கருக்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. புற்று. அதில் சந்தேகமில்லை. சந்தேகம், அது யாருடையது என்பதில்தான். கணையத்தின் தலையில் கட்டி என்று ஏற்கெனவே தெரியும். ஈரலில் ஸ்கேன் காட்டிய பொட்டு வேறு ஏதோ என்றால் அடுத்த புதன்கிழமை மதுரையில் ஆபரேஷன், கட்டியை எடுத்துவிடலாம், மனுஷன் பிழைக்க வழியிருக்கிறது. பொட்டும் புற்று என்றால் பரவிவிட்டது, கத்தி வைக்க மாட்டார்கள். 'வாய்க்குப் பிடிச்சதச் செஞ்சு குடுங்கம்மா' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த நாலைந்து வட்டம் முக்கூடல்காரியுடையது என்றால் ஜெபசிங் பிழைப்பார். ஜெபசிங்குடையது என்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

காலையில் நடந்ததை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். முக்கூடல் பிளாக்கைச் சீவினேன், ஏந்தி எடுத்தேன், நம்பர் எழுதினேன். பிறகு கீற்றை எடுத்தேன். எடுத்தேனா? எடுத்த கை தெரிகிறது, ஈரமான பேப்பர் விரலில் ஒட்டுவதுகூடத் தெரிகிறது, ஆனால் அது இன்றைய கைதானா? நேற்றைய கையும் அப்படித்தான், போன வருஷத்துக் கையும் அப்படித்தான் இருக்கும். தினம் செய்கிற காரியத்துக்குத் தேதி கிடையாது. வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் பூட்டின நாள் ஆயிரம் ஞாபகம் வரும், இன்று பூட்டினது மட்டும் வராது. முக்கூடல் பிளாக் முடிந்ததும் போன் அடித்தது. அதுமட்டும் நிச்சயம். போன் மேஜையில் கிடந்து உறுமியது, அவருடைய பேர், ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஒரு கையுறையைக் கழற்றி எடுத்தாள். "புஷ்பம், அந்த நார்த்தங்கா ஊறுகாய எங்க ஒளிச்சு வச்சே?" என்கிறார். "ஊறுகாயா? டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" "வெறுங் கஞ்சி தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குதே. ஒரு சுண்டு விரல் அளவு தொட்டுக்கிடுதேன்." "ஒண்ணும் வேண்டாம். நான் வந்து தாரேன்." போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இன்னொரு கையுறையை மாட்டினாள், அவர் இன்னும் விடவில்லை. "என்னுதத்தான வெட்டிக்கிட்டு இருக்கே?" "ம்." "நீயே வெட்டுதியா?" "நாந்தான்." "அப்பச் சரி. நீ வெட்டுனா சரியா இருக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சக்கரத்தைச் சுற்றினாள். வழக்கமாக ஒரு ஸ்லைடில் மூன்று துண்டு ஏற்றுவாள், இன்று நாடா கிழிந்து ஒன்றுதான் ஒழுங்காக விரிந்தது. மூன்று ஏற்றியிருந்தால் மற்ற இரண்டிலும் அந்த வட்டங்கள் இருக்கிறதா என்று பார்த்து ஒரு நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். டாக்டர் முதலிலேயே சொன்னார், 'உன் வீட்டு ஆளோடத நீ தொடாத தங்கபுஷ்பம், மதுரைக்கு அனுப்பிருவோம்' என்று. இவள்தான் கேட்கவில்லை. அங்கே எவளோ ஒருத்தி கண்ட பிளேடில் சீவி நாசமாக்கிவிடுவாள் என்று பயம். பயம் என்ன பயம், திமிர்.

கூட்டுகிற பேச்சியம்மாள் விளக்குமாறோடு உள்ளே வந்தாள். மேஜைக்கு அடியிலிருக்கிற குப்பைக் கூடையைத் தூக்கப் போனவளைத் தங்கபுஷ்பம் பாய்ந்து தடுத்தாள். "எக்கா, அதத் தொடாத." "குப்பையத் தொடாம வேற எதத் தொடச் சொல்லுத?" என்றாள் பேச்சியம்மாள். பத்து பிளாக் என்றால் பத்துக் கீற்று இருக்க வேண்டும், கூடை பொய் சொல்லாது. தங்கபுஷ்பம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்தாள். கையுறைகள், மெழுகுச் சீவல், பிளேடு சுற்றிவந்த தாள், எல்லாவற்றுக்கும் அடியில் கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழைய இட்லி மாதிரி ஒரே கட்டியாகக் கிடந்தன. நகத்தால் பிரித்தாள். ஒன்று, இரண்டு. ஒரு கீற்றில் பாதி அமைச்சர் முகம், இன்னொன்றில் நகை விளம்பரம். ஆறு, ஏழு. எட்டாவது பிரிக்கும்போதே கூழானது, அது ஒன்றா, ஒட்டிய இரண்டா? முதல் தடவை ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினாள், பத்து வந்தது. மூன்றாம் தடவை எண்ண அங்கே கீற்றே இல்லை, மாவுதான் இருந்தது. "என்னத்தத் தொலச்சே? மோதிரமா?" என்று பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா." "ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது ஒனக்கு?" என்றவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் தானே குப்பையை அள்ளிக் கூடையில் போட்டாள். புருஷனுக்கு உடம்பு சரியில்லாதவள் என்று எல்லோருக்கும் இவள்மேல் ஒரு இரக்கம் வந்திருக்கிறது, அந்த இரக்கம் தங்கபுஷ்பத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரே வழிதான் இருக்கிறது. பிளாக்கில் மிச்சமிருக்கும் ஈரலை இன்னும் ஆழத்தில் சீவ வேண்டும். வட்டங்கள் அங்கேயும் இருந்தால் அவை ஈரலில் முளைத்தவை. இல்லாவிட்டால் தண்ணீரில் மிதந்து வந்தவை. பிளாக்கை ஐஸ் மேல் கவிழ்த்துவைத்தாள். தொட்டித் தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றிச் சூடேற விட்டாள். புதுப் பிளேடு மாட்டினாள். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்த சதை, தையல் நூல் தடிமன்கூட இல்லை. ஆழம் போகப் போகக் கரைந்துகொண்டே வரும், இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினால் மெழுகு மட்டும்தான் மிஞ்சும். மணி இரண்டு பத்து. சக்கரத்தில் கையை வைத்தவள் சுற்றாமல் எடுத்துவிட்டாள். கர்த்தரே, நான் தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று ஜெபித்தாள். ஜெபித்தபிறகுதான் தான் கேட்பது என்னவென்று உறைத்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு தப்பும் வரக்கூடாது என்றுதான் தினம் காலையில் சிலுவை போட்டுக்கொண்டு சக்கரத்தைத் தொடுவாள். இன்று என்னைக் குற்றவாளியாக்கு என்று மன்றாடுகிறாள். தலைக்குள்ளிருந்து இன்னொரு குரல், உனக்கு எதற்கு இவ்வளவு பாடு, அந்த ஸ்லைடு கண்ணாடிதானே, கை தவறி விழுந்தால் உடையும், யார் கேட்கப் போகிறார்கள் என்றது. உண்மைதான், யாரும் கேட்க மாட்டார்கள். உடைத்துவிட்டால் அவர் உடம்புக்குள் இருப்பது இல்லாமல் போய்விடுமா? வெட்டித் திறந்து பார்த்து, பரவியிருக்கிறதென்று அப்படியே தைத்து அனுப்பினால் அந்த வேதனை யாருக்கு? ஸ்லைடைத் தட்டில் வைத்து அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். சக்கரத்தை மெதுவாக, பிள்ளைக்குத் தலை சீவுகிற பதமாகச் சுற்றினாள். மூன்று ஆழத்தில் மூன்று நாடா. ஒவ்வொரு முறையும் கீற்றை எடுத்துத் தண்ணீரை வழித்தாள், வழித்தேன், வழித்தேன், இதோ வழித்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். எதிர்ச் சுவரில் இருந்த பல்லியைத் தவிர சாட்சி யாருமில்லை.

மெழுகு உருக ஸ்லைடுகளைச் சூட்டுத் தட்டில் வைத்தால் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கீழே மருந்துக்கடை வாசலில் பஸ் ஒன்று விசில் வாங்கிப் புறப்பட்டது. கண்டக்டர் விசில் கேட்டால் இன்னும் அவருடையதுதானோ என்று காது போகும், முப்பது வருஷம் திருச்செந்தூர் ரூட்டில் ஊதியவர். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழிப்பார். கல்யாணமான புதிதில் அந்த பஸ்ஸிலேயே போனபோது அவளுக்கும் அப்படித்தான் எச்சில் தொட்டுக் கொடுத்தார், வெட்கமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. மிஷின் வந்து டிக்கெட் தானாக வெளியே வந்த பிறகும் கட்டைவிரல் நாக்குக்குப் போவது நிற்கவில்லை. "ஒங்களுக்குக் காதுக்குக் கீழ இருக்க சுரப்பி மத்தவங்களவிடப் பெரிசா இருக்கும்" என்று இவள் கிண்டல் செய்வாள். காதடிச் சுரப்பி தண்ணியாகச் சுரக்கும், நாக்கடிச் சுரப்பி கொழகொழவென்று சுரக்கும், இரண்டும் மைக்ராஸ்கோப்பில் வேறு வேறு நிறம் காட்டும் என்று கோமதிநாயகம் சார் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் ஒப்பிப்பாள். அவரும் சோற்றைப் பிசைந்தபடி அத்தனையும் கேட்பார். கணையத்தைப் பற்றிச் சொன்னதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. கொத்துக் கொத்தான செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகு கடுகாக நிரம்பிய சாறு, கறியையும் கொழுப்பையும் கரைக்கிற சாறு. அப்படியானால் அது கணையத்தையே கரைத்துவிடாதா என்று கேட்டார். கரைக்காது, உள்ளே இருக்கிறவரை அது தூங்கிக்கொண்டிருக்கும், குடலுக்கு வந்த பிறகுதான் விழிக்கும் என்றாள். "கெட்டிக்காரச் சரக்கு. எங்க டிப்போ மேனேஜருக்கு இது தெரியுமான்னு கேக்கணும்" என்றார். அந்தக் கணையத்தில்தான் இப்போது கட்டி. சித்திரையில் கண் மஞ்சளானது. அவருடைய அக்கா கீழாநெல்லி அரைத்து நாற்பது நாள் கொடுத்தாள். இவள் ஈரலும் கணையமும் தினம் கையில் வைத்துச் சீவுகிறவள், வாயைத் திறக்காமல் நாற்பது நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பேசவில்லை? தெரிந்ததால்தான். ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிந்து சொறிந்து அவர் முதுகு வரிவரியாகச் சிவந்திருந்தது, பித்தம் தோலில் இறங்கினால் அப்படித்தான் அரிக்கும் என்று தெரியும். தெரிந்ததைச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள். நாற்பது நாள். அந்த நாற்பது நாளில்தான் ஈரலுக்குப் போயிற்றோ? சாறு உள்ளேயே விழித்துக்கொண்டு தன்னைத் தின்பது போலத்தான் இப்போது இந்த யோசனையும் அவளைத் தின்கிறது. கையைக் கழுவினாள், கழுவின கையை மறுபடியும் கழுவினாள்.

மூன்று மணிக்குச் சாயம். மெழுகைக் கரைக்கும் ஜாடி, சாராய ஜாடிகள், தண்ணீர், நீலம், குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, பிறகு சிவப்பு. எந்த ஜாடியில் எவ்வளவு நேரம் என்று மணி பார்க்கவே வேண்டாம், நாக்கு தன்னால் எண்ணும். ஸ்லைடுகள் நீலத்தில் நிற்கும்போது, எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு குரல் வந்தது. 'யாரு வெட்டுனது?' கோமதிநாயகம் சாருடைய குரல்தான். எப்போது கேட்டார்? போன மாசம். ஆலங்குளத்துக்காரர் ஒருவர், மந்திரமூர்த்தி, லேத் பட்டறை வைத்திருக்கிறவர். அவருக்கும் கணையம்தான், அவருக்கும் ஈரலில் ஊசி. துணுக்கு ரொம்பச் சின்னது, ஸ்லைடில் ஒன்றுதான் ஏற்ற முடிந்தது. சார் அதை வெகுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "ஓரத்துல கொஞ்சம் புத்து நிக்குது. யாரு வெட்டுனது இத?" என்றார். "நாந்தான் சார்" என்றாள். "நீயா? அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார். அப்போது இவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த மனுஷனுடைய மனைவி மாடிப்படிப் பெஞ்சில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், செருப்பை மட்டும் ஒழுங்காக ஓரத்தில் விட்டிருந்தாள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு "எல்லாம் நல்லாத்தான இருக்குங்க?" என்று இவளிடம் கேட்டாள். "டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றாள் இவள். எல்லோரிடமும் சொல்வதுதான். அந்த ஞாபகம் இப்போது எதற்கு? இது வேறு, அது வேறு. அவளுக்கு இருக்கிற கவலை போதாதா? தலையை உதறிவிட்டு ஸ்லைடுகளைச் சிவப்பில் இறக்கினாள்.

மூன்று நாற்பதுக்கு முதல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கண்ணை வைக்க மனம் வரவில்லை. ஜன்னல் வழியே மார்க்கெட்டைப் பார்த்தாள், ஒருவன் வாழைத்தாரை இறக்கிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. குனிந்தாள். ஈரல். வரிசைகள், சந்துகள், பித்த முடிச்சுகள். விளிம்புக்குப் போனாள். காலையில் வட்டங்கள் நின்ற இடம். வெறுமை. வெள்ளை வெளிச்சம் மட்டும். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், ஒரு செல்லையும் விடாமல் தேடினாள். நடுவில் ஓரிடத்தில் சீழ்ச் செல்கள் கூட்டமாக மொய்த்துக்கிடந்தன, ஸ்கேனில் தெரிந்த பொட்டு அதுவாகத்தான் இருக்கும், பித்தம் அடைத்துக் கிருமி தொற்றிய புண். இரண்டாவது ஸ்லைடு, இல்லை. மூன்றாவது, இல்லை. முக்கூடல்காரியின் ஸ்லைடை எடுத்து வைத்தாள். அதே கோணல் வட்டங்கள், அதே தடித்த கரு. வழிக்கவில்லை. நான் வழிக்கவில்லை! ஸ்டூலிலிருந்து எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுகையும் கூடவே வந்தது. விளக்குமாறை மூலையில் சாத்த வந்த பேச்சியம்மாள் பயந்துபோனாள். "என்னட்டி ஆச்சு?" "தப்புப் பண்ணிட்டேன்க்கா. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்." "தப்புப் பண்ணதுக்கா இந்தச் சிரிப்புச் சிரிக்கே?" தங்கபுஷ்பம் அவளைக் கட்டிக்கொண்டாள். பேச்சியம்மாள்மேல் பினாயில் வாசம் அடித்தது, அதுகூட நன்றாக இருந்தது. ஒரு சுண்டு விரல் அளவு என்ன, கிண்ணம் நிறைய ஊறுகாய் தொட்டுக்கொள்ளட்டும். இப்போதே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கை பரபரத்தது. டாக்டர் பார்க்கட்டும், அதற்கப்புறம் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டாள்.

கோமதிநாயகம் சார் நாலு மணிக்கு வந்து, குடையை மாட்டி, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து உட்கார்ந்தார். அவள் நாலு ஸ்லைடையும் அவர் முன் வைத்து, போன் வந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி ஸ்லைடைப் பார்த்து முடித்ததும் மூச்சை விட்டார். "ஈரலுக்குப் பரவல தங்கபுஷ்பம். பித்தம் அடச்சதுல வந்த புண்ணுதான். புதன்கிழம ஆபரேஷன் பண்ணச் சொல்லலாம்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இந்த ஓரத்துல நிக்கது மெதந்து வந்ததுதான். நீயே கண்டுபிடிச்சிட்டே, அது போதும். மனசுல வச்சுக்கிடாத. இருவத்திரண்டு வருஷத்துல மொதத் தடவ, இதுக்குப் போயி" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். முதல் தடவை. அந்த வார்த்தையில் அவளுக்குச் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. இது முதல் தடவை என்று யாருக்குத் தெரியும்? ஜெபசிங் என் புருஷன், அதனால் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன், அதனால் மறுபடி சீவினேன். மற்றவர்களுடையதை யார் மறுபடி சீவினார்கள்? 'யாரு வெட்டுனது' என்று சார் கேட்ட அன்றைக்கு வழித்தேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். எடுத்த கை தெரிந்தது, ஈரப் பேப்பர் விரலில் ஒட்டுவது தெரிந்தது, தேதி மட்டும் தெரியவில்லை. "சார், போன மாசம் ஆலங்குளத்துக்காரர் ஒருத்தர் ஈரல் வந்துச்சு. மந்திரமூர்த்தின்னு. ஓரத்துல கொஞ்சம் நிக்குதுன்னு சொன்னீங்க." அவர் பேனா நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஆமா. பரவிருச்சுன்னு குடுத்தோம். யாரு வெட்டுனதுன்னு கேட்டேம்லா நான்? நீதான வெட்டுனே?" "நாந்தான் சார் வெட்டுனேன்" என்றாள் தங்கபுஷ்பம். "அதனாலதான் சொல்லுதேன்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "பிளாக்ல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். "பாக்கணும் சார்." பழைய பிளாக்குகள் இருக்கிற மர அலமாரி நடைக்கூடத்தில் இருந்தது. இழுப்பறையை இழுத்து, நம்பர் நம்பராக விரலை ஓட்டிக்கொண்டு போனாள். இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மெழுகுக்குள் ஒரு எறும்பளவு சதை மிச்சமிருந்தது. மூன்று நாடாவுக்கு வராது, ஒன்று வரலாம், கை நடுங்காவிட்டால் இரண்டு வரலாம். ஐஸ் மேல் கவிழ்த்து வைத்தாள். செருப்பை ஓரமாக விட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தாள், முகம் வரவில்லை, செருப்பு மட்டும்தான் வந்தது. மேஜையில் போன் உறுமத் தொடங்கியது. ஜெபசிங். ஊறுகாய்க்காகவும் இருக்கலாம், ரிப்போர்ட்டுக்காகவும் இருக்கலாம். எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார். எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருக்க, செய்தித்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, தொட்டியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை தண்ணீரை வழித்தாள்.